மாமூல் கொடுத்தவனுக்கு ஓட்டு உண்டா?

குவைத்தில் ஃபஹாஹீலுக்குத் தெற்கே, எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் சாலையோரம் இருந்த எங்கள் கேம்ப்பில் ஒரு சட்டமன்றம் இருந்தது. சிரிக்காதீர்கள். சபாநாயகர் உண்டு, கட்சிகள் உண்டு, கொறடா உண்டு, கேள்வி நேரம் உண்டு. நான் அதன் செயலாளர். கம்பெனியில் எனக்கு டைம்கீப்பர் வேலை, அதாவது எவன் எப்போது டூட்டிக்கு வந்தான், எப்போது போனான் என்று எழுதுகிற வேலை. எழுதத் தெரிந்தவன்தானே என்று வெள்ளிக்கிழமையும் அதே வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுபதுகளின் கடைசி அது. குவைத்தின் சொந்தச் சட்டமன்றத்தையே அப்போது கலைத்துப் போட்டிருந்தார்கள். எங்களுடையது மட்டும் ஒரு வாரம் தவறாமல் கூடியது.

நாங்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர், எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒரே மெஸ். அடுத்த வாரம் என்ன சமைப்பது என்பதுதான் எங்கள் சட்டமன்றத்தின் முழு அதிகாரமும். ஆரம்பத்தில் சும்மா பேசித்தான் முடிவு செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் கத்திரிக்காய் விவகாரத்தில் ஒரு தட்டு பறந்தது. "இனிமே எல்லாத்தையும் முறைப்படி செய்வோம்" என்று யாரோ சொன்னார்கள். நம் ஆட்களிடம் முறைப்படி செய்வோம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. மூன்றே வாரத்தில் பெஞ்சுகளை எதிரெதிரே போட்டு, நடுவில் இரண்டு அரிசி மூட்டைகளை அடுக்கி அதன்மேல் சபாநாயகரை உட்கார வைத்துவிட்டார்கள்.

சபாநாயகர் எங்கள் ஸ்டோர்கீப்பர், கோயமுத்தூர்க்காரர். யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். "அவையில சத்தம் போடாதீங்க, உக்காருங்க, உங்களைத்தானுங்க" என்று கெஞ்சியே காலத்தை ஓட்டினார். இந்தப் பக்கம் சாம்பார்க் கட்சி, பதினொரு பேர். அதன் தலைவர் ஒரு திருச்சி டிராஃப்ட்ஸ்மேன். பேச ஆரம்பித்தால் மேடை, மைக், மாலை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அவருக்கு. அந்தப் பக்கம் மீன் கட்சி, அதுவும் பதினொரு பேர். தலைவர் நாகர்கோவில் பக்கத்து வெல்டர். நான் சாம்பார்க் கட்சி. எனக்கு மீன் பிடிக்காது என்றில்லை. முள் பிடிக்காது.

இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சபாநாயகர் ஓட்டுப் போட வேண்டும். அவருக்கோ இரண்டு பக்கமும் பயம். அதனால் ஒரு வாரம் சாம்பாருக்கு, ஒரு வாரம் மீனுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தார். தோற்ற கட்சி மரபுப்படி வெளிநடப்புச் செய்யும். கோடையில் மத்தியான வெயிலில் வெளியே கால் வைத்தால் செருப்புக்குள் பாதம் வேகும். கோஷம் போட்டுக்கொண்டே வெளியே போவார்கள். இரண்டு நிமிடத்தில் கோஷம் நின்றுவிடும், கதவு திறக்கும், எல்லாரும் ஏசிக்கு நேராக வந்து நின்றுகொண்டு, "எங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டோம்" என்பார்கள். நான் பதிவு செய்வேன்.

இதையெல்லாம் விளையாட்டு என்று நினைக்காத ஒரே ஆள் எங்கள் பிக்கப் டிரைவர். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைக் கிராமம், இருபத்தாறு வயது, மீன் கட்சி. ஊரில் இருபத்தொன்று நிறைந்து அவன் முதல்முதலாக ஓட்டுப் போடப் போனபோது, "நீ காலையிலேயே வந்து போட்டுட்டுப் போயிட்டியே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவன் பெயரில் எவனோ போட்டுவிட்டான். அடுத்த தேர்தலுக்குள் குவைத் வந்துவிட்டான். இங்கே நமக்கு ஏது ஓட்டு? வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஊரிலும் கிடையாது. ஆக உலகத்திலேயே அவனுக்கு ஓட்டு இருந்த ஒரே இடம் எங்கள் மெஸ் ஹால். வெள்ளிக்கிழமை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வருவான். வாழைக்காயா உருளைக்கிழங்கா என்றால்கூட ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசித்துவிட்டுத்தான் கை தூக்குவான். "இந்தா போடு, அந்தா போடு" என்று அவசரப்படுத்தினால் கோபம் வரும் அவனுக்கு. எங்களுக்கெல்லாம் ஓட்டு என்றால் வீம்பு. அவனுக்கு அது ஓட்டு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் இருக்காது.

நோன்பு முடிந்து பெருநாளின் இரண்டாவது நாள். அவசரமாக ஒரு காகிதக் கட்டை ஆபீஸில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று என்னையும் டிரைவரையும் அனுப்பினார்கள். பிக்கப்பில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் போலீஸ் நிறுத்தியது. இளம் போலீஸ்காரன், முகமெல்லாம் சிரிப்பு. ஜன்னல் பக்கம் குனிந்து எங்கள் இருவரையும் பார்த்து ஏதோ வாழ்த்துச் சொன்னான். அப்புறம் கையை நீட்டி, "மாமூல்? மாமூல்?" என்றான்.

டிரைவர் என் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, என்ன கேக்கான்?"

கேம்ப்பில் அரபி தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. யல்லா, கலாஸ், மாஃபி, சுக்ரன், இன்னும் ஒரு ஏழெட்டு வார்த்தை. இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு நான் செய்த அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. அன்றைக்கும் மேதாவியாகச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "மாமூல் கேக்கிறான்யா. இதுல என்ன முழிக்கிறே? போலீஸ்காரனுக்கு உலகம் பூரா ஒரே வார்த்தை போல இருக்கு. ஒரு தினாரை மடிச்சுக் குடுத்துத் தொலை. நேரமாச்சு."

"குடுக்கவா அண்ணாச்சி? ஒண்ணும் தப்பா ஆயிராதே?"

"குடுய்யான்னா."

அவன் லைசன்ஸுக்குள் ஒரு தினார் நோட்டை மடித்து வைத்து, கோயில் காணிக்கை மாதிரி இரண்டு கையாலும் பயபக்தியோடு கொடுத்தான். போலீஸ்காரன் அதைப் பிரித்தான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கத்தினான். ஜீப்பிலிருந்து அதிகாரி இறங்கி வந்தார். அவரிடம் நோட்டைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, ஜீப்பின் பானெட் மேலிருந்த ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, மூடியைத் திறந்து எங்கள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"ஹாதா மாமூல்! ஹாதா மாமூல்!"

உள்ளே உருண்டை உருண்டையாகப் பிஸ்கட். மேலே சர்க்கரைப் பொடி, நடுவில் பேரீச்சம்பழம். பெருநாளுக்கு அவன் வீட்டில் செய்தது. அதன் பெயர்தான் அரபியில் மாமூல். போகிற வருகிறவர்களுக்கெல்லாம், வேண்டுமா, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான், பாவி, நல்ல மனதோடு. கையை நீட்டியது லைசன்ஸுக்குக்கூட அல்ல, பெருநாள் வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்க.

அதிகாரி டிரைவரைக் கீழே இறக்கினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். இவன் ஏன் கொடுத்தான் என்று கேட்டிருக்க வேண்டும். நான் "மாஃபி மாலூம்" என்றேன். எனக்குத் தெரியாது. மறுபடி கேட்டார். "மாஃபி மாலூம்." மூன்றாவது தடவை இந்தியில் கேட்டார், நன்றாகவே புரிந்தது. அதற்கும் "மாஃபி மாலூம்" என்றேன். டிரைவர் என்னை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பெருநாள் வெயிலில் ஒன்றரை மணி நேரம் பிக்கப்புக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்தப் போலீஸ்காரன் இரக்கப்பட்டு எனக்கு இரண்டு மாமூல் கொடுத்தான். தின்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

அரசாங்க ஊழியனுக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக வழக்கு. கம்பெனி சார்பில் போலீஸ், கோர்ட் என்று அலைகிற மந்தூப் ஒரு எகிப்துக்காரர். அவரிடம் ஆபீஸில் வைத்து, எங்கள் ஊரில் மாமூல் என்றால் போலீஸ்காரன் வாங்குகிற சமாசாரம் என்று எவ்வளவோ விளக்கிப் பார்த்தேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "உங்கள் ஊர்ப் போலீஸ்காரனுக்கு அவ்வளவு பிஸ்கட் எதற்கு?" எப்படியோ கையைக் காலைப் பிடித்து, ஊருக்குத் திருப்பி அனுப்பாமல், பதினெட்டு நாள் உள்ளே வைத்திருந்ததோடு டிரைவரை வெளியே கொண்டுவந்துவிட்டார். கேம்ப்பில் எல்லாரும் என்னிடம் விசாரித்தபோது, "நான் குனிஞ்சு காகிதத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன், அவன் என்ன செஞ்சான்னு பாக்கலை" என்று சொல்லி வைத்திருந்தேன். வந்தவன் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நம்ம நேரம்" என்றான். இளைத்திருந்தான்.

அந்தப் பதினெட்டு நாளில் சட்டமன்றத்தில் என்ன நடந்தது தெரியுமா? மீன் கட்சியில் ஒரு ஆள் குறைந்து பத்தாகிவிட்டது. நாங்கள் பதினொன்று. சபாநாயகரின் தயவு தேவையில்லை. தினமும் சாம்பார். வெள்ளிக்கிழமை கூட அவியல். ஒரு மீன் செதில் மெஸ் வாசலைத் தாண்டவில்லை. பதவி ருசி கண்டுவிட்டது எங்கள் கட்சிக்கு. டிரைவர் திரும்பி வந்தால் பழையபடி சமம் ஆகிவிடுமே என்ற கவலை டிராஃப்ட்ஸ்மேனுக்கு. அவன் வெளியே வந்த முதல் வெள்ளிக்கிழமையே ஒரு மசோதாவோடு எழுந்து நின்றார்.

"கனம் சபாநாயகர் அவர்களே! குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களுக்கு இந்த அவையில் வாக்குரிமை கிடையாது என்ற சட்டத்தை முன்மொழிகிறேன்!"

டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். சட்டென்று புரியவில்லை அவனுக்கு. பக்கத்திலிருந்தவன் சொன்னதும் எழுந்தான். "எனக்கு ஓட்டு இல்லியா?" என்றான். யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல் சபாநாயகரைப் பார்த்து, "உள்ள இருந்துட்டுத்தான வந்துட்டேன். முடிஞ்சி போச்சில்லா?" என்றான்.

சபாநாயகர் என்னைப் பார்த்தார். சிக்கல் வந்தால் அவர் செயலாளரைப் பார்ப்பார். எனக்கு டிரைவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதுதான் உண்மை. "தன்னைப் பற்றிய விவாதத்தில் சம்பந்தப்பட்டவர் இருக்கவோ ஓட்டுப் போடவோ கூடாது என்பது மரபு" என்றேன். எந்த மரபு, எவன் வைத்த மரபு, எனக்கே தெரியாது. வாயில் வந்தது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்ணீர் டேங்கருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முழ நிழலில் நின்றுகொண்டிருந்தான்.

வெல்டர் எழுந்தார். "ஓய், நம்ம ஊருல ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன் ஓட்டு மட்டுமா போடுதான்? எலெக்சன்லயே நிக்கான்! மாலை போட்டுல்லா கூட்டிட்டு வாராவ!"

"இது நம்ம ஊர் இல்லைங்க" என்றார் டிராஃப்ட்ஸ்மேன். "நம்ம சைட்ல இருக்காரே அமெரிக்க இன்ஜினியர், அவரை நேத்து விசாரிச்சுட்டேன். அமெரிக்காவுல சில மாநிலத்துல ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்கு ஆயுசுக்கும் ஓட்டு கிடையாது. உண்டா இல்லையான்னு முடிவு பண்றது யாரு? அந்தந்த மாநிலச் சட்டமன்றம்! மாநில உரிமைங்க அது. நம்ம மெஸ்ஸும் ஒரு மாநிலம்தான். நிலாவுக்குப் போனவனே அப்படிச் செய்றான், நமக்கு என்ன கேடு?"

மாநில உரிமை என்றதும் எங்கள் பக்கம் பெஞ்சு அதிர்ந்தது. அந்த வார்த்தையைக் கேட்டால் நம்மவனுக்குக் கை தானாகத் தட்டும்.

வெல்டர் சளைக்கவில்லை. "சரி. இந்த அவையில இதுவரை ஒரு ராத்திரிகூட போலீஸ்ல இருக்காதவன் கை தூக்குங்கவே, பாப்போம்."

ஐந்து கைகள் எழுந்தன. மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதியின் தேதி முடிந்து போனதைக் கவனிக்காமல் மாட்டியவன், சிவப்பு விளக்கில் போனவன், நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் நின்று பீடி பற்ற வைத்தவன். டிராஃப்ட்ஸ்மேனே இரண்டு நாள் இருந்திருக்கிறார், சைட் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகக் கூடாத இடத்தில் நடந்ததற்காக. மசோதா நிறைவேறினால் மிச்சமிருக்கும் ஐந்து பேரும் சேர்ந்து எங்கள் எல்லாருக்கும் சோறு தீர்மானிப்பார்கள். அவசர அவசரமாகத் திருத்தம் கொண்டுவந்தார்கள்: "தண்டனை பெற்றவர்" என்பதற்குப் பதில் "லஞ்சம் கொடுத்துத் தண்டனை பெற்றவர்". பெயர் மட்டும் எழுதவில்லை, டிரைவரின் அங்க அடையாளம் எல்லாம் அந்தச் சட்டத்தில் இருந்தது.

"அவன் குடுத்தது லஞ்சமே இல்ல ஓய்" என்றார் வெல்டர். "மாமூல். மாமூல்னா வழக்கம்னு அர்த்தம். வழக்கத்தைச் செய்ததுக்குத் தண்டனையா?"

"அப்ப அரபியில மாமூல்னா என்ன?"

"பிஸ்கட்."

"பிஸ்கட் கேட்டவனுக்குக் காசு குடுத்தா அது லஞ்சமா இல்லையா?"

"காசு கேட்டவனுக்குப் பிஸ்கட் குடுத்தா?"

"அது கஞ்சத்தனம்ங்க" என்றார் சபாநாயகர். அவராக வாயைத் திறந்து சொன்ன ஒரே கருத்து அது. அதையும் பதிவு செய்தேன்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. டிரைவரின் நிழல் ஒரு முழத்திலிருந்து ஒரு சாணாகிவிட்டது. ஓட்டெடுப்பு வந்தால் முடிவு எல்லாருக்கும் தெரியும். நாங்கள் பதினொன்று, அவர்கள் பத்து. நான் செய்ய வேண்டியதெல்லாம் குனிந்து எழுதிக்கொண்டு, சமயம் வரும்போது கையைத் தூக்குவது. அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். இத்தனை வருடம் கழித்து நல்லவன் வேஷம் போட விருப்பமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தூக்கியிருப்பேன்.

கெடுத்தது டிராஃப்ட்ஸ்மேன்தான். முடிவுரை ஆற்றுகிறேன் என்று எழுந்தார். "இவன் பிறந்து வளர்ந்த இடம் அப்படி. அவங்க பக்கம் இதெல்லாம் சகஜம். ஆனா பக்கத்துல யார் உக்காந்திருந்தது? நம்ம செயலாளர்! அரபி கரைச்சுக் குடிச்சவர்! அப்படிப்பட்ட யோக்கியரைப் பக்கத்துல வச்சுக்கிட்டே இந்தக் காரியத்தைச் செஞ்சிருக்கான்னா எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்? நம்ம செயலாளரோட நேர்மைக்கு இந்த அவையின் சார்பில் நன்றி தெரிவித்து..."

கை தட்டினார்கள். எனக்கு. மீன் கட்சிக்காரர்கள்கூடத் தட்டினார்கள்.

எனக்கு ஒரு கெட்ட குணம். திட்டினால் தாங்கிக்கொள்வேன், பொய்யாகப் புகழ்ந்தால் பற்றிக்கொண்டு வரும். மனசாட்சி, அது இது என்றெல்லாம் சொல்லமாட்டேன். எரிச்சல். எழுதிக்கொண்டிருந்த நோட்டைத் தூக்கி அடித்தேன்.

"யோவ்! நிறுத்துய்யா! நான்தான்யா குடுக்கச் சொன்னேன்! மாமூல் கேக்கிறான், குடுத்துத் தொலைன்னு நான்தான் சொன்னேன். குடுக்கவா, தப்பா ஆயிராதேன்னு கேட்டான்யா அவன். குடுய்யான்னு அதட்டினேன். போதுமா?"

சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். டிராஃப்ட்ஸ்மேன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "சார், உணர்ச்சிவசப்படாதீங்க. உக்காருங்க. 'குடுக்காதேன்னு சொன்னேன்'னு சொல்ல வந்தீங்க, அவசரத்துல வாய் குழறிடுச்சு. அப்படித்தானே?"

"இல்லய்யா! குடுன்னுதான் சொன்னேன்!"

ஓட்டெடுப்பு நடந்தது. என் கை எதிர்ப்பக்கம் எழுந்தது. ஆதரவு பத்து, எதிர்ப்பு பதினொன்று. மசோதா தோற்றது. வெல்டர் ஓடிப்போய் டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது அவனுக்கு. விஷயத்தைச் சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. எழுதுவதற்கு நோட்டை எடுத்தேன். அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையில் நான் கொஞ்சம் நல்ல பிள்ளையாகவாவது இருந்திருப்பேன்.

வெல்டர் தொண்டையைச் செருமினார். "கனம் சபாநாயகர் அவர்களே. தோத்த மசோதாவுல ஒரே ஒரு வார்த்தையை மாத்திப் புதுசாக் கொண்டு வாறேன். லஞ்சம் குடுத்தவனுக்கு இல்ல, குடுக்கத் தூண்டினவனுக்கு ஓட்டுக் கிடையாது."

அவருக்குக் கணக்குத் தெரியும். என் ஓட்டைப் பிடுங்கினால் சாம்பார்க் கட்சி பத்தாகிவிடும். இப்போது பாருங்கள் வேடிக்கையை. அரை மணி முன்னால் ஜெயிலுக்குப் போனவனுக்காக வாதாடிய வெல்டர், "அமெரிக்காவுலயே செய்யுதான் ஓய்! மாநில உரிமை!" என்று பெஞ்சைக் குத்தினார். அமெரிக்காவைக் கொண்டுவந்த டிராஃப்ட்ஸ்மேன் கண் கலங்கி, "மன்னிக்கத் தெரியாதவன் மனுசனாய்யா? தப்பு செஞ்சவன் திருந்தக் கூடாதா? ஓட்டைப் பிடுங்கிட்டா அவன் எப்படிய்யா திருந்துவான்?" என்றார். ஒருவர் பேச்சை மற்றவர் வாங்கிக்கொண்டு, ஒரு வரி பிசகாமல் பேசினார்கள். இரண்டு பேருக்கும் கூச்சமே இல்லை.

சபாநாயகர் என்னைப் பார்த்தார். "மரபுப்படி நீங்க வெளியில இருக்கோணுமுங்க" என்றார். நானே உண்டாக்கிய மரபு. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

டேங்கர் பக்கத்தில் இப்போது நிழலே இல்லை. தரையின் சூடு முழங்கால் வரை ஏறியது. ஆனாலும் எனக்குக் கவலை இல்லை. கணக்கு என் பக்கம்தான் இருந்தது. எங்களில் பத்துப் பேர் எனக்காகக் கை தூக்குவார்கள். அவர்களில் டிரைவர் கை தூக்காமல் இருந்தால் அங்கேயும் பத்து. சமமானால் சபாநாயகர், அந்த வாரம் அவர் முறை சாம்பாருக்கு. ஆக எல்லாம் டிரைவர் கையில். அவனுக்காக இருபத்தொரு பேர் முன்னால் என் மானத்தையே கொட்டியிருக்கிறேன். அவன் எனக்கு எதிராகக் கை தூக்குவானா என்ன?

ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் கட்சிப் பெஞ்சில் கைகள் எழுந்தன. எண்ணினேன். பத்து. டிரைவர் கண்ணை மூடியிருந்தான். வெல்டர் அவன் காதில் ஏதோ சொன்னார், அவன் அவரைத் தள்ளிவிட்டான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பிறகு அவன் கண்ணைத் திறந்து கையைத் தூக்கினான்.

மெஸ் ஓட்டுத்தானே, வாழைக்காய், உருளைக்கிழங்கு என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். அது போகிறபோதுதான் தெரிந்தது.

முதலில் வெளியே வந்தவன் அவன்தான். எதிரில் வந்து நின்றான். "கை தூக்கிட்டேன் அண்ணாச்சி" என்றான்.

"பாத்தேன்."

"கட்சிக்காவ தூக்கல்ல."

"பின்ன எதுக்குய்யா தூக்கினே?" என்று கத்திவிட்டேன். "உன் ஓட்டு போயிடக் கூடாதுன்னுதானேய்யா உள்ளே அத்தனை பேர் முன்னால அசிங்கப்பட்டேன்? நன்றி கெட்டவனே! நான் சொல்லித்தான் குடுத்தேன்னு போலீஸ்ல ஒரு வார்த்தை சொன்னியா? கேம்ப்புக்கு வந்து சொன்னியா? அப்பல்லாம் வாயை மூடிக்கிட்டிருந்துட்டு, இன்னைக்கு மட்டும் கை எங்கேருந்துய்யா வந்துச்சு?"

அவனுக்குக் கோபமே வரவில்லை. என்னைப் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்தது தெரிந்தது. "நீங்க செய்தது தப்புத்தானன்னு கேட்டாங்க, அண்ணாச்சி. தப்புத்தான். அதுக்கு எப்படிக் கையக் கீழ வச்சிருக்க?" என்றான். பிறகு, "பதினெட்டு நாளு உள்ள இருந்தேன். எது சரி எது தப்புன்னு நீ சொல்லுன்னு ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல்ல. இங்கதான் கேட்டாங்க" என்றான்.

கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. நன்றி கெட்டவன் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வாய் வரவில்லை. உள்ளே போனேன். எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் தட்டுக் கழுவப் போய்விட்டார்கள். நோட்டை எடுத்து, ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு பத்து, தீர்மானம் நிறைவேறியது என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.